நந்திக்கடல் ஓரத்து வரம்பும் இடம் மாறிய பூச்சியமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

முல்லைத்தீவு மாவட்டத்தில், நந்திக்கடல் களப்பை ஒட்டிய ஒரு வயல்வெளியில் உவர் ஏறாமல் தடுக்க மண்வரம்பு ஒன்று கட்டினார்கள். மழைநீர் களப்புக்கு வடிந்து போக வரம்பின் நடுவே பலகைக் கதவு போட்ட ஒரு மதகும் வைத்தார்கள். மண் நன்றாக இறுக்கப்பட்டிருந்தது. கொங்கிறீற்றிலும் குறை இல்லை. ஆனாலும் அடுத்த மாரியில் காலபோக நெல் தண்ணீருக்குள் நின்று அழுகியது. கமக்காரர் வேறு வழியில்லாமல் வரம்பை ஓரிடத்தில் வெட்டித் தண்ணீரைக் கடத்தினார்கள். பிறகு முகத்துவாரம் திறந்து கடல் உள்ளே ஏறியபோது அந்த வெட்டு வழியாகவே உவர் வயலுக்குள் வந்தது. வரம்பு இல்லாத காலத்தில் பட்டதைவிட அந்த வருடம் பட்ட நட்டம் கூட.

கமக்கார அமைப்பு கேட்டுக்கொண்டதால் மட்டம் பார்க்கப் போன குழுவில் நானும் இருந்தேன். கிராமத்தின் பெயரையும் வேலையைச் செய்த தரப்பையும் இங்கே சொல்லவில்லை. கீழே வரும் உயரங்கள் கணக்குப் புரிவதற்காக 5 சென்ரிமீற்றர் அளவுக்கு முழுமையாக்கப்பட்டவை. இதை எழுதுவதற்குக் காரணம், இந்தத் தவறு வன்னிக் கரையில் எங்கே வேண்டுமானாலும் திரும்ப நடக்கலாம் என்பதுதான். ஒரு வருட விளைச்சலையே வாழ்வாக வைத்திருக்கும் சனத்துக்கு அது திரும்ப நடக்கக் கூடாது.

முதலில் சொல்லப்பட்ட காரணம்

உவர் வந்துவிட்டது, ஆகவே வரம்பு தாழ்வு, இன்னும் அரை மீற்றர் உயர்த்த வேண்டும் என்றுதான் எல்லோரும் பேசினார்கள். அதற்கான மதிப்பீடுகூடத் தயாராகிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் பின்வரிசையில் இருந்த வயதான கமக்காரர் ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "தம்பி, வரம்புக்கு மேலால ஒரு சொட்டுத் தண்ணி வரேல்லை. உள்ளுக்கு நிண்ட தண்ணி போக வழியில்லாமல்தான் வெட்டினனாங்கள்" என்றார். அவர் சொன்னதை வைத்துத்தான் விசாரணையைத் தொடங்கினோம். களப்புப் பக்கத்து மண்ணில் இருந்த நீர்க்கறையைப் பார்த்தால் அவர் சொன்னது சரி: தண்ணீர் வரம்பின் உச்சியை நெருங்கவே இல்லை.

வரைபடத்தில் வரம்பின் உச்சி +1.30 மீற்றர், மதகின் அடித்தளம் +0.20 மீற்றர் என்று இருந்தது. ஓரத்தில் ஒரு குறிப்பு: "உயரங்கள் யாவும் சராசரிக் கடல் மட்டத்திலிருந்து." ஓட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியை வைத்து, பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் தப்பியிருந்த ஒரு பெஞ்ச்மார்க்கிலிருந்து (உயரம் முன்பே அளந்து வைத்த நிலையான குறி) வரம்பு வரை மட்டம் கொண்டு வந்து, திரும்பவும் அதே குறிக்குப் போய் மூடினோம். தப்பியிருந்த குறி என்று சொல்லக் காரணம் உண்டு. போருக்குப் பிறகு வீதியைத் திருத்தியபோது பழைய மதகுகள் பலவற்றை உடைத்துப் புதிதாகக் கட்டினார்கள். அவற்றில் வெட்டியிருந்த குறிகளும் அதோடு போய்விட்டன. சாதாரண பொறியியல் வேலைக்கு, கிலோமீற்றரில் எடுத்த தூரத்தின் வர்க்கமூலத்தை 12 ஆல் பெருக்கினால் வரும் மில்லிமீற்றர் அளவுக்குள் மூடல் பிழை (தொடங்கிய குறிக்குத் திரும்பி வரும்போது காட்டும் வித்தியாசம்) நிற்க வேண்டும் என்பது பொதுவான எல்லை. 4 கிலோமீற்றர் சுற்றுக்கு அது 24 மில்லிமீற்றர். எங்கள் சுற்று அதற்குள் மூடியது.

விளைவு எங்களுக்கே புதிராக இருந்தது. உச்சி +1.30, மதகின் அடித்தளம் +0.20. வரைபடத்தில் உள்ளபடியே கட்டியிருக்கிறார்கள்! அப்படியானால் பிழை கட்டியவர்களிடம் இல்லை, வரைபடத்திலேயே இருக்கிறது.

அந்த 0.20 எங்கிருந்து வந்தது

வடிவமைப்புக் கோவையைப் புரட்டியபோது விடை கிடைத்தது. பறுவத்துக்கும் அமாவாசைக்கும் வரும் வற்று எவ்வளவு பதியும், பெருக்கு எவ்வளவு உயரும் என்பதைத் திருகோணமலைத் துறைமுகத்துக்கான வற்றுப்பெருக்கு அட்டவணையிலிருந்து எடுத்திருந்தார்கள். பெருவற்று 0.1, பெரும்பெருக்கு 0.7. வற்றுக்குக் கொஞ்சம் மேலே மதகின் அடித்தளம் 0.2. பெருக்குக்கு மேல் மழைவெள்ளம், காற்று, அலை எல்லாவற்றுக்கும் சேர்த்து 0.6 விட்டு உச்சி 1.3. யோசித்த விதத்தில் பிழையில்லை. ஆனால் அட்டவணையின் பூச்சியம் சராசரிக் கடல் மட்டம் அல்ல.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கடலின் மேற்பரப்பு ஒரு நிமிடமும் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆகவே உயரத்துக்குத் தொடக்கம் வேண்டுமென்றால் சராசரிதான் எடுக்க வேண்டும். ஒரு மானியில் மணிக்கொரு தடவை கடல்மட்டத்தைக் குறித்து, நீண்ட காலத்துக்குச் சேர்த்துக் கூட்டி வகுத்தால் வருவது சராசரிக் கடல் மட்டம். நீண்ட காலம் என்றால் முறைப்படி 19 வருடம். சந்திரனின் பாதைச் சாய்வு ஒரு முழுச் சுற்று மாறி வர 18.6 வருடம் எடுக்கும். அந்தச் சுற்றுக்குள் வற்றும் பெருக்கும் கூடிக் குறையும். பருவங்களும் முழுதாக அடங்க வேண்டும் என்பதால் முழு எண்ணாக 19 வருடத்தை எடுக்கிறார்கள். அமெரிக்கா பயன்படுத்திய 19 வருடத் தொகுதிகளில் ஒன்று 1983 முதல் 2001 வரையானது. எல்லா நாடும் அப்படிக் காத்திருந்ததும் இல்லை. பிரித்தானியா தன் நிலவரைபட உயரங்களுக்கு நியூலின் துறைமுகத்தில் 1915 மே முதல் 1921 ஏப்ரல் வரை எடுத்த ஆறு வருடச் சராசரியையே இன்றும் பூச்சியமாக வைத்திருக்கிறது.

மணிக்கொரு அளவு இல்லாமல் பெருக்கின் உச்சியையும் வற்றின் அடியையும் மட்டும் குறித்து வைத்திருந்தால், அந்த இரண்டின் சராசரிகளுக்கு நடுப்புள்ளியை எடுக்கலாம். அது நடுப்பெருக்கு மட்டம். ஆழம் குறைந்த இடங்களில் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை என்பதால், இது சராசரிக் கடல் மட்டத்திலிருந்து சில சென்ரிமீற்றர் விலகும். கரையோர ஒழுங்கை ஒன்றுக்கு அது பெரிதல்ல. வயல் மதகுக்குப் பெரிதாகலாம்.

அதற்கப்புறம் வருவது கப்பற்காரரின் பூச்சியம். கப்பல் தலைவருக்குச் சராசரி தேவையில்லை. தண்ணீர் மிகக் குறைந்த நேரத்திலும் அடி தட்டாமல் போக எவ்வளவு ஆழம் இருக்கும் என்பதுதான் அவருக்கு வேண்டும். ஆகவே கடல் வரைபடங்களின் பூச்சியத்தை வற்றின் அடிக்கு அருகில் வைக்கிறார்கள். அமெரிக்கா ஒவ்வொரு நாளின் இரண்டு வற்றில் பதிந்ததை எடுத்து 19 வருடத்துக்குச் சராசரியாக்குகிறது. இந்தியக் கரைகளுக்காக ஜோர்ஜ் டார்வின் 19ஆம் நூற்றாண்டில் ஒரு கணக்கு வகுத்தார்: சந்திரனாலும் சூரியனாலும் வரும் நான்கு முக்கிய அசைவுகளின் வீச்சைக் கூட்டி, அதைச் சராசரி மட்டத்திலிருந்து கழிப்பது. (பரிணாமக் கொள்கை சொன்ன சார்ள்ஸ் டார்வினின் மகன் இவர்.) இப்போது சர்வதேச நீர்ப்பரப்பியல் அமைப்பு, வானியல் கணக்குப்படி வரக்கூடிய ஆகப் பதிந்த வற்றை எடுக்கும்படி பரிந்துரைக்கிறது. எதை எடுத்தாலும் அந்தப் பூச்சியம் சராசரிக் கடல் மட்டத்துக்குக் கீழேதான் இருக்கும். வற்றுப்பெருக்கு அட்டவணையின் எண்களும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

எங்கள் கரைகளில் இந்த இடைவெளி அரை மீற்றர் அளவுக்குள் அடங்கும். இந்தக் கணக்குக்கு 0.40 என்று வைத்துக்கொண்டால், அட்டவணையில் 0.20 என்பது நிலவரைபடத்தில் −0.20 ஆகும். 1.30 என்பது +0.90. வடிவமைத்தவர் மனதில் இருந்த மதகும் வரம்பும் இவைதான். கட்டப்பட்டதோ இரண்டையும் 40 சென்ரிமீற்றர் மேலே தூக்கியது.

40 சென்ரிமீற்றர் வன்னியில் எவ்வளவு பெரியது

மலைநாட்டில் இது பிழையென்றே தெரிந்திருக்காது. இலங்கைக் கரைகளில் பறுவத்துக்கும் அமாவாசைக்கும்கூட வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே முக்கால் மீற்றர் வருவதில்லை. களப்போரத்து நிலமும் கிட்டத்தட்ட தட்டை. அங்கே 40 சென்ரிமீற்றர் என்பது ஒரு முழுப் பெருக்கின் பாதிக்கும் மேல்.

அந்த வயல்வெளியின் ஆகப் பதிந்த இடம் +0.35. மதகின் அடித்தளம் −0.20 இல் இருந்திருந்தால், வயல் மட்டத்தில் நிற்கும் தண்ணீருக்கு மதகில் 55 சென்ரிமீற்றர் ஆழம் கிடைத்திருக்கும். +0.20 இல் கட்டியதால் கிடைத்தது 15 சென்ரிமீற்றர். மதகு வாசலில் பாயும் தண்ணீரின் அளவு ஆழத்தின் ஒன்றரைப் படியோடு, அதாவது ஆழத்தை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வருவதோடு, கூடும். ஆகவே களப்பு தாழ்ந்திருக்கும் நேரங்களில் ஓடியிருக்க வேண்டியதில் ஏழில் ஒரு பங்குதான் ஓடியது. அதிலும் மதகு வாசலில் ஒரு சாண் வண்டல் சேர்ந்தால் ஒன்றுமே ஓடாது. சேர்ந்தும் இருந்தது.

வரம்பின் உச்சி 40 சென்ரிமீற்றர் கூடியதால் பாதுகாப்புக்குக் குறைவில்லை, செலவுதான். வரம்பு நின்ற நிலம் +0.30. உச்சி அகலம் 2 மீற்றர், இரு பக்கமும் ஒன்றுக்கு இரண்டு சரிவு. 0.60 மீற்றர் உயரத்துக்கு வெட்டுமுகப் பரப்பு 1.92 சதுர மீற்றர், கட்டிய 1.00 மீற்றருக்கு 4.00. மண் இரண்டு மடங்குக்கும் மேல் போயிருக்கிறது. அந்தப் பணத்தில் இன்னும் ஒரு மதகு வைத்திருக்கலாம் என்று நினைக்க நெஞ்சு எரிகிறது. இதற்கு மேல் இன்னும் அரை மீற்றர் உயர்த்தியிருந்தால், வயலுக்குள் நிற்கும் தண்ணீருக்கு ஒரு நன்மையும் வந்திருக்காது.

இப்படியான பிழை படிப்பறிவு குறைந்த இடத்தில் மட்டும் நடப்பதல்ல. ஜெர்மனிக்கும் சுவிற்சர்லாந்துக்கும் நடுவே ரைன் நதியில் லவுஃபன்பர்க் பாலம் கட்டியபோது, ஒரு நாட்டின் உயரம் அம்ஸ்டர்டாம் கடலிலிருந்தும் மற்றதன் உயரம் மார்செய் கடலிலிருந்தும் எண்ணப்படுவது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. வித்தியாசம் 27 சென்ரிமீற்றர் என்பதும் தெரியும். கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டார்கள். 2003 இல் இரு பக்கமும் 54 சென்ரிமீற்றர் விலகி நின்றன. தெரிந்தவர்களுக்கே அப்படி என்றால், வரைபடத்து ஓரக் குறிப்பை நம்பி வேலை செய்யும் ஒப்பந்தகாரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது கண்டுபிடிப்பு

மதகைத் தாழ்த்தினால் சரி என்று அறிக்கையை முடித்திருக்கலாம். நாங்கள் முடிக்கவில்லை. மதகு திறப்பது கடலுக்கு அல்ல, களப்புக்கு. நந்திக்கடல் வட்டுவாகலில் கடலோடு சேர்கிறது. அந்த வாயை வருடத்தில் பல மாதம் மணல்திட்டு அடைத்துக் கிடக்கும். அடைத்திருக்கும் காலத்தில் திருகோணமலை அட்டவணைக்கும் களப்பின் நீர்மட்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. திறந்திருக்கும்போதும் ஒடுங்கிய வாய் வழியே உள்ளே வரும் பெருக்கு, கடலில் இருந்த உயரத்தோடு வந்து சேர்வதில்லை. வீச்சு குறைந்து, நேரமும் பிந்தும்.

ஆகவே மதகுக்கு அருகே களப்புக்குள் ஓர் அளவுகோலை நட்டோம். அதன் பூச்சியத்தைப் பெஞ்ச்மார்க்கோடு மட்டம் பார்த்து இணைத்தோம். அங்கே இறாலுக்குப் போகும் தொழிலாளர் இருவர் காலையும் மாலையும் வாசித்துக் குறித்தார்கள். கோடையில் வெயில் குடித்து, களப்பு சராசரிக் கடல் மட்டத்துக்கும் கீழே போனது. மாரியில் ஆறும் வாய்க்காலும் கொண்டுவந்த தண்ணீர் மணல்திட்டுக்குப் பின்னால் தேங்கி, கடல் தாழ்ந்திருக்கும்போதே களப்பு வயல் மட்டத்துக்கு மேல் நின்றது. அந்த நாட்களில் மதகின் அடித்தளம் எங்கே இருந்தாலும் ஒன்றுதான். வயல் வடிய வேண்டுமென்றால் வட்டுவாகலில் வாய் வெட்ட வேண்டும்.

வாய் எப்போது வெட்டுவது என்பது இங்கே பழைய பிணக்கு. நெல் அழுகுமுன் வெட்டச் சொல்வார் கமக்காரர். முந்தி வெட்டினால் மீனும் இறாலும் வளர முதல் களப்பை விட்டு வெளியேறிவிடும் என்பார் மீன்பிடித் தொழிலாளர். இரண்டும் வயிற்றுப்பாடு, இரண்டும் நியாயம். இதுவரை பேச்சு "தண்ணி கூடிப்போச்சு", "இன்னும் கூடேல்லை" என்ற மட்டத்திலேயே நடந்து வந்தது. பெஞ்ச்மார்க்கோடு இணைந்த ஓர் அளவுகோல் இருந்தால் எந்த எண்ணுக்கு வெட்டுவது என்று பேசலாம். இந்த ஆய்வில் மதகைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான்.

அளவுகோலுக்குச் சொந்தப் பூச்சியம் இருப்பது வன்னிக்குப் புதிதல்ல. மாரி வந்தால் கிளிநொச்சியில் எல்லோரும் இரணைமடு எத்தனை அடி என்றுதான் கேட்பார்கள். 36 அடி என்றால் வான்கதவு திறக்கப்போகிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2018 டிசம்பர் வெள்ளத்தை அனுபவித்தவர்களுக்கு அந்த எண்ணின் கனம் தெரியும். அந்த அடிக்கணக்கு குளத்தின் அளவுகோலில் எண்ணப்படுவது. கடல் மட்டத்திலிருந்து அல்ல. குளத்தை நடத்த அது போதும். ஆனால் குளத்திலிருந்து இறங்கும் வெள்ளம் கடலோரம் எந்த வீட்டுப் படியைத் தொடும் என்று கணக்கிட வேண்டுமானால், அந்த அளவுகோலும் கடலோர அளவுகோலும் ஒரே பெஞ்ச்மார்க் வலையில் சேர வேண்டும்.

ஜிபிஎஸ் பற்றி ஒரு எச்சரிக்கை

கூட்டத்தில் இளைஞர் ஒருவர் நல்ல கேள்வி கேட்டார்: இவ்வளவு நடந்து மட்டம் பார்ப்பதை விட்டு ஜிபிஎஸ் வைத்தால் என்ன? செய்மதி தரும் உயரம் பூமிக்குப் பொருத்திய ஒரு கணித முட்டையுருவிலிருந்து வருவது. கடல் அசையாமல் நின்றால் புவியீர்ப்பால் எடுக்கும் மட்டத்தை ஈர்ப்பு மட்டம் என்பார்கள். உலகத்தில் அது ஆகத் தாழ்ந்த இடம் இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் இருக்கிறது. அங்கே கடல் அந்த உருவுக்கு ஏறத்தாழ 106 மீற்றர் கீழே. எங்கள் கரையிலும் அந்தப் பள்ளத்தின் சாயல் உண்டு: முல்லைத்தீவுக் கடற்கரையில் நின்று திருத்தாத உயரத்தைப் பார்த்தால் சைபருக்குக் கீழே 90 மீற்றர் அளவில் ஓர் எண் வரும். உலக ஈர்ப்பு மாதிரியை வைத்துத் திருத்தினால் அது கடல்மட்டத்துக்கு அருகே வரும். ஆனாலும் நாட்டின் பெஞ்ச்மார்க்குகளோடு ஒப்பிடும்போது சில பத்து சென்ரிமீற்றர் விலகல் மிஞ்சலாம். இந்த வரம்பைக் கெடுத்ததும் அதே அளவு விலகல்தான். ஆகவே ஜிபிஎஸ் பாவிக்கலாம், அருகில் உள்ள பெஞ்ச்மார்க் ஒன்றில் வைத்துச் சரிபார்த்த பிறகு.

பெஞ்ச்மார்க்கின் பூச்சியமும் இன்றைய கடல் அல்ல என்பதையும் அறிக்கையில் எழுதினோம். எங்கள் நாட்டு மட்டவலை பிரித்தானியர் காலத்தில் போடப்பட்டது. 1900 க்குப் பிறகு உலகக் கடல்மட்டம் சராசரியாக ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. அதோடு வாடைக் காலத்தில், சரியாகக் காலபோகம் வயலில் நிற்கும் மாதங்களில், எங்கள் கடலின் மாதச் சராசரியே வருடச் சராசரிக்கு மேலே போகும். நிலவரைபடத்தில் சைபர் என்பதைக் கடல் அங்கே நிற்கும் என்று வாசிக்கக் கூடாது.

திருத்தமும் மிச்சமும்

வரம்பை உயர்த்தும் மதிப்பீடு கைவிடப்பட்டது. வெட்டிய இடத்தைக் களிமண் போட்டு இறுக்கி மூடினார்கள். பழைய மதகை உடைக்காமல், பதிந்த இடத்துக்கு நேரே அடித்தளம் −0.20 இல் இன்னொரு குழாய் மதகு வைக்கப்பட்டது. அதன் களப்புப் பக்கத்தில் தொங்குகதவு போட்டதால், களப்பு ஏறும்போது அது தானாக மூடிக்கொள்ளும். ஆனால் பாசியும் கட்டையும் சிக்கினால் மூடாது, ஒவ்வொரு கிழமையும் ஆள் போய்ப் பார்க்க வேண்டும். வரைபடத்தின் ஓரக் குறிப்பும் மாற்றப்பட்டது. எந்த பெஞ்ச்மார்க், அதன் உயரம் என்ன, அட்டவணை எண்களிலிருந்து எவ்வளவு கழிக்கப்பட்டது என்று மூன்றும் இப்போது எழுத்தில் இருக்கின்றன.

செய்யாமல் விட்டதும் ஒன்று உண்டு. முல்லைத்தீவுக் கடலுக்கென்று சொந்தமாக ஒரு சராசரி வேண்டும். 19 வருடம் காத்திருக்கத் தேவையில்லை. கடற்பக்கத்தில் ஒரு மாதமாவது மணிக்கொரு தடவை அளந்து, அதே மாதத்தில் திருகோணமலை மானி காட்டிய சராசரி அதன் நீண்டகாலச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்த்து, அந்த விலகலை எங்கள் அளவிலிருந்து கழித்தால் நம்பக்கூடிய எண் கிடைக்கும். அலை அடிக்கும் திறந்த கரையில் மானி வைக்க ஒரு தூண் வேண்டும், அதுதான் இதுவரை தடை. களப்புக்குள் நட்ட அளவுகோலின் வாசிப்பு தொடர்ந்து நடக்கிறது. வாய் வெட்டும் மட்டம் குறித்து இரு தரப்பும் அடுத்த மாரிக்கு முன் இருந்து பேச ஒத்துக்கொண்டிருக்கின்றன. இரு போக வாசிப்புகளையும் ஒரே தாளில் வரைந்து அந்தக் கூட்டத்துக்குக் கொடுத்திருக்கிறோம்.